பொம்மைக்கார அக்காவின் கப்பல்

உங்களில் பலருக்கு என் கப்பல்களைத் தெரியும். என்னைத் தெரிந்திருக்காது. மரக்கப்பல் செய்கிற நாம் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும்போது, கொண்டுவந்ததை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். "எப்படிம்மா இதுல இறங்கினீங்க?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு டீ எடுக்கப் போய்விடுவேன். பேச வராது, அவ்வளவுதான். சித்தூரில் முப்பது வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வாயைவிடக் கைதான் பழகியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் புரியும். போலியோ சொட்டு மருந்து தெருத்தெருவாக வருவதற்கு முந்திய காலம் அது. எல்லா ஊரிலும் எங்களைப் போல இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வலது கால் சூம்பி, முட்டியில் மடங்கியே இருந்தது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் காலை நீட்டிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நேராக்குகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். புரட்டாசிக் கடைசியில் போனேன். திரும்பி வரும்போது பொங்கல் முடிந்திருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் பதினாறு கட்டில் போட்ட அந்தச் சின்னப் பிள்ளைகள் வார்டில்தான் போயிற்று.

இன்றும் மழை வந்தால் எனக்கு மண்வாசனை வருவதற்கு முன்னால் மாவுக்கட்டின் வாசனை வந்துவிடும். கட்டுப் போடும்போது முதலில் சூடாக இருக்கும். பிறகு சில்லென்று ஆகி, காலே நம்முடையது இல்லை என்பது போல் கனத்துப்போகும். நாலாம் நாள் உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். துடைப்பத்து ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வோம். சிஸ்டர் பார்த்தால் திட்டுவார். ஜன்னலில் மலை தெரியும். மழை நாளில் மலை இருக்காது, வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருக்கும். பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரலாம். மீதி ஆறு நாளும் நாங்கள்தான் எங்களுக்கு.

என் கட்டிலுக்கு வலப்பக்கம் ஒரு பையன். சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியில் மீன் பிடிக்கிற குப்பத்திலிருந்து வந்தவன். பன்னிரண்டு வயசு. அவனை ஏரிக்காரன் என்று கூப்பிட்டோம். எங்களில் படகு ஏறியவன் அவன் ஒருவன்தான். "படகுல ஒக்காந்துட்டா யாருக்கு எந்தக் கால் வரலன்னு தெரியாது" என்பான். அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் கிடப்பது.

வேலியில் நின்ற கல்யாண முருங்கையைத் தோட்டக்காரர் வெட்டிப் போட்டபோது, ஏரிக்காரன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு கிளையை இழுத்துக்கொண்டான். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி ஒரு படகு செய்தான். அதுதான் முதல் கப்பல். சிஸ்டர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் எங்களுக்குக் கால் பயிற்சி கொடுக்க வருகிற எக்சர்சைஸ் சார், "செய்யட்டும் சிஸ்டர், கக்கத்துல கட்டை வெச்சு நடக்கறதுக்குக் கையில பலம் வேணும்" என்றார். அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு சிஸ்டர் ஒரு தட்டில் பேனாக்கத்தி, சின்ன உளி, உப்புத்தாள் எல்லாம் எண்ணிக் கொண்டுவருவார். ஐந்து மணிக்கு எண்ணி எடுத்துக்கொண்டு போவார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கத்தி நேரம்.

எதிர்க் கட்டிலில் இருந்தவன் காணிப்பாக்கத்துப் பையன். என் வயசுதான். அவன் அப்பா கோயில் குளத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் கடை போட்டிருந்தார். அவனைத் தேங்காய்க்காரன் என்றோம். தென்னை மட்டையை அப்பாவிடம் சொல்லி வரவழைத்துக் கப்பல் செய்தான். நான் மருந்து வருகிற பெட்டியின் மெல்லிய பலகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாய்க்குக் கட்டுத் துணி, காலையில் வருகிற கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தால் விறைப்பாக நிற்கும். பாய்மரத்துக்கு ஈர்க்குச்சி. மாத்திரை அட்டையின் பளபளப்புத் தாள் ஜன்னலுக்கு. நங்கூரம் கொண்டை ஊசியை வளைத்தது.

நாலாவது ஆள், எனக்கு இடப்பக்கக் கட்டிலில் பொம்மைக்கார அக்கா. பதிமூன்று வயசு. திருப்பதியிலேயே வீடு. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவள் அப்பா செம்மரத்தில் சாமி பொம்மை செதுக்குகிறவர். சர்க்கார் முத்திரை போட்டு பொம்மைக்காரர்களுக்குக் கொடுக்கிற மரத்தில் மிஞ்சுகிற துண்டுகளை ஒரு பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார். அக்காவுக்கு உளி பிடிக்கிற கை. நாங்கள் ஒரு வாரம் சுரண்டுவதை அவள் ஒரு கத்தி நேரத்தில் செய்துவிடுவாள்.

நான் முதலில் செய்த கப்பலைத் தேங்காய்க்காரன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது இன்னா கப்பலா? எங்க நைனா செருப்பு மாரி கீது."

வார்டே சிரித்தது. நான் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன். வந்து பதினோரு நாள் ஆகியும் நான் யாரோடும் பேசியிருக்கவில்லை. அன்றைக்கு இனிமேல் பேசவே கூடாது என்று முடிவு செய்தேன்.

போர்வைக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது. "இங்க பாரு ரா. இனிமே யார் கப்பலப் பாத்தாலும் மொதல்ல ஒரு நல்லது சொல்லணும். அப்பால வேணும்னா கொறை சொல்லு."

"நல்லது ஒண்ணுமே இல்லனா?"

"தேடு."

அவன் தேடினான். பிறகு, "ஆணியே இல்லியே, எப்பிடி நிக்குது?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"தச்சேன்" என்றேன் போர்வைக்குள்ளிருந்து. "நூலால."

ஏரிக்காரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க பக்கத்துல முன்ன காலத்துல பெரிய படகையே கயிறு போட்டுத்தான் தைப்பாங்களாம். இவளுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பலகையை ஒட்டப் பசை இல்லை, ஊசியும் நூலும் இருந்தது. போர்வையை இறக்கினேன். அன்றிலிருந்து நானும் ஒருத்தி.

அந்த ஒரு மணி நேரத்துக்காக நாங்கள் இருபத்துமூன்று மணி நேரம் காத்திருந்தோம். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவர் கப்பலுக்கு மற்றவர்கள் உப்புத்தாள் போட்டு வைப்போம். தேங்காய்க்காரனுக்குக் காலை நேராக்க மாவுக்கட்டில் வைத்த கம்பியை முறுக்கிய அன்று அவன் கத்தாமல் இருப்பதற்காக ஏரிக்காரன் அவனுடைய கப்பலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது இப்ப சூளூர்பேட்ட தாண்டுது, இப்ப முகத்துவாரத்துல கீது, அலை வருது, புடிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தேங்காய்க்காரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆனால் ஒன்று நடந்தது. அக்கா போட்ட சட்டத்தில் "அப்பால" என்று ஒரு பாதி இருந்தது அல்லவா, நாள் போகப்போக அது காணாமல் போயிற்று. நல்லது சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். ஒருவர் முகம் மலர்வதைப் பார்த்த பிறகு குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? நம் குழுவில் படம் போட்டதும் வரிசையாக விழுகிற கட்டைவிரல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வார்டு ஞாபகம் வரும்.

அக்கா கார்த்திகை பூராவும் ஒரே கப்பல்தான் செய்தாள். ஒரு முழம் நீளம். ஒரே செம்மரத் துண்டிலிருந்து செதுக்கியது. மேல்தளத்தில் பலகை பலகையாகக் கோடு, சுருட்டி வைத்த கயிறு, சின்னச் சின்னப் பீப்பாய்கள். முன்மூக்கில் கைகூப்பிய ஒரு பெண், அவள் புடவை மடிப்பு வரைக்கும் தெரியும். உப்புத்தாள் போட்டுத் துணியால் தேய்த்தபோது அது ஈரமான மாதுளை முத்து போல இருந்தது. "எங்க வீட்ல எது செஞ்சாலும் செம்மரம்தான். வேற மரத்துல கை வெச்சா எங்க நைனாவுக்குக் கை கூசும்" என்பாள். ஏரிக்காரன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். கை ஒரு தடவை தாழ்ந்து எழுந்தது.

"ரொம்ப நல்லா கீது அக்கா" என்றான்.

நாங்களும் சொன்னோம். நிஜமாகவே நன்றாக இருந்தது.

அந்த மாதம்தான் அக்காவுக்கு ஆபரேஷன் என்று பேச்சு வந்தது. அவளுடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, விளிம்பில்தான் நிற்பாள். அதற்கு முன்னால் வேறு இடத்தில் இரண்டு தடவை செய்து, இரண்டு தடவையும் பழையபடி திரும்பிக்கொண்டது. இங்கே மாதத்துக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருவார். அவர் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது செய்யலாம், இன்னும் வயசு ஏறினால் எலும்பு இறுகிவிடும், அப்புறம் கஷ்டம் என்றார். அக்கா மாட்டேன் என்றாள்.

"ஊசின்னா பயம். பதிமூணு வயசாச்சு, வெக்கமா இல்ல?" என்றார் சிஸ்டர்.

அவள் அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ ஒத்துக்காம வேணாம் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

எங்களிடம்தான் அக்கா காரணத்தைச் சொன்னாள். கத்தி நேரத்தில், செதுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஊசியாவது ஒண்ணாவது. கட்டு பிரிக்கிற அன்னிக்கு எங்க நைனா மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? ரெண்டு தரம் பாத்துட்டேன். பிரிக்கிறதுக்கு முன்ன சாமி பொம்மைக்குக் கண்ணு தொறக்கறப்ப ஒக்காந்திருக்கிற மாரி ஒக்காந்திருப்பாரு. பிரிச்சதும்... வேணாம். மூணாந்தரம் என்னால பாக்க முடியாது."

பெரியவர்கள் யாருக்கும் இது தெரியாது. நாங்கள் மூன்று பேரும் தினமும் கெஞ்சினோம். ஏரிக்காரன் விடவே மாட்டான். ஒருநாள் அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சரி. இந்தக் கப்பல் முடியட்டும். தண்ணில விடுறேன். மெதந்தா ஆபரேஷனுக்கு ஒத்துக்கறேன். முழுகினா வீட்டுக்குப் போய்டுவேன். அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"பிரமாணம் பண்ணு" என்றான் தேங்காய்க்காரன்.

காணிப்பாக்கத்துக்காரர்களுக்கு அது விளையாட்டு இல்லை. வழக்கு வம்பு என்றால் அந்தக் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்தோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்வார்கள். பொய் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று அத்தனை பேருக்கும் பயம். இவன் அதை நாள்தோறும் கடையிலிருந்து பார்த்து வளர்ந்தவன். "குளம் இல்லியே" என்று யோசித்து, ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே அக்காவின் தலையில் கவிழ்த்தான். சொட்டச் சொட்ட அக்கா சத்தியம் செய்தாள். தலையணை நனைந்ததற்கு சிஸ்டர் எங்கள் நாலு பேரையும் திட்டித் தீர்த்தார்.

நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். கப்பல் என்றால் மிதக்கத்தானே செய்யும். ஏரிக்காரன் மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுவாரம் அவனுக்குக் கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் அம்மா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது என் கட்டில் பக்கம் குனிந்தான்.

"ஏய், அது முழுகிடும்."

எனக்குப் புரியவில்லை.

"அக்கா கப்பல். கல்லு மாரி கனம். தூக்கினப்பவே தெரிஞ்சிச்சி. செம்மரம் தண்ணில நிக்காது. நல்லா கீதுன்னு சொல்லிட்டேன், அப்பால பிரமாணம் வேற பண்ணிட்டாங்களா, எப்பிடிச் சொல்றதுன்னு தெரில."

"இப்ப சொல்லு."

"நான் போறப்ப சொல்லிட்டுப் போனா அழுவாங்க. நீ சொல்லு. நீ பேசாதவ. நீ சொன்னா நம்புவாங்க." பிறகு, "உள்ள தோண்டிக் காலியாக்கினா மெதக்கும். இரும்புக் கப்பலே அப்பிடித்தான் மெதக்குது" என்றான். அவன் அம்மா கூப்பிட்டார். போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

நினைத்துப் பாருங்கள். பொம்மையை யாராவது தண்ணீரில் போடுவார்களா? அந்த வீட்டில் எத்தனை தலைமுறை அந்த மரத்தைத் தொட்டிருக்கும். அது மிதக்குமா என்று பார்க்க வேண்டிய தேவை ஒருவருக்கும் வந்திருக்காது.

நான் சொல்லவில்லை. மூன்று தடவை "அக்கா" என்று கூப்பிட்டேன். மூன்று தடவையும் "இன்னாடி?" என்றாள். மூன்று தடவையும் "ஒண்ணுமில்ல" என்றேன். பெரிய டாக்டர் வர ஒரு வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கத்தி நேரத்தில் அக்காவை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கப்பல் அவள் கட்டிலில் இருந்தது. எட்டினால் கிடைக்கிற தூரம்தான். எடுத்து மாவுக்கட்டின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உளியால் அடிப்பக்கம் தோண்ட ஆரம்பித்தேன். மேலே அவள் செதுக்கியதைத் தொட மனசு வரவில்லை. அடியில் தோண்டி, பலகை வைத்து மூடித் தைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்பது என் எண்ணம். மரம் இரும்பு போல இருந்தது. கட்டைவிரல் அளவு குழி விழுந்ததும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். டப் என்று ஒரு சத்தம். குழியிலிருந்து நுனி வரைக்கும் விரிசல் ஓடியது. கைகூப்பிய பெண்ணின் கைகள் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன.

அப்போது அக்கா திரும்பி வந்தாள்.

கப்பலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சிஸ்டர்தான் பேசினார். "பேசாததுங்க மனசுல இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியுது? தன்னால செய்ய முடியலன்னு பொறாமை." ஞாயிற்றுக்கிழமை நைனா வந்ததும் அவரிடமும் அதையே சொன்னார். நைனா பொம்மைக்காரர் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கென்று துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்த சீத்தாப்பழங்களைத் தேங்காய்க்காரன் கட்டிலில் வைத்துவிட்டு, "ஏம்மா இப்பிடிப் பண்ண?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நைனா போய்ச் சேரும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எத்தனையோ வருஷம் இருந்தது, சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை கத்தி நேரத்தில் அக்கா உளியைத் தொடவில்லை. சுவரையே பார்த்துப் படுத்திருந்தாள். நான் தேங்காய்க்காரனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். நான் வாய் திறந்து ஒன்று கேட்டதே அவனுக்கு ஆச்சரியம். நொண்டி நொண்டிக் கொண்டுவந்தான். நான் தோண்டியபோது விழுந்த செம்மரத் துண்டு ஒன்றைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

"அக்கா, இதப் பாரு."

அவள் திரும்பவில்லை. முதலில் என் மருந்துப் பெட்டிப் பலகையிலிருந்து ஒரு துண்டைப் போட்டேன். மிதந்தது. தென்னை மட்டைத் துண்டைப் போட்டேன். மிதந்தது. பிறகு செம்மரத்தைப் போட்டேன். அடியில் போய் டக் என்று இடித்தது. அந்தச் சத்தத்துக்கு அக்கா திரும்பினாள்.

கையை விட்டு எடுத்து மறுபடி போட்டேன். டக்.

"ஏரிக்காரன் போறப்ப சொன்னான்" என்றேன். "அவனுக்கு முன்னயே தெரியும். சொல்ல பயம். எனக்கும் பயம்."

அக்கா எழுந்து உட்கார்ந்து, தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"ஒரு மாசமா நல்லா கீது நல்லா கீதுன்னு சொன்னீங்களே ரா" என்றாள். தேங்காய்க்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உள்ள காலியா இருந்தா மெதக்குமாம். இரும்புக் கப்பல் மாரி" என்றேன்.

"அதுக்கு அடியில எதுக்குடி தோண்டின, பைத்தியமே? தண்ணி அந்த வழியா வராதா?"

"மேல அழகா இருந்துச்சி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தேங்காய்க்காரனிடம், "எட்றா அந்த உளிய" என்றாள்.

பீப்பாய்களும் கயிறும் பலகைக் கோடுகளும் இருந்த மேல்தளத்தை அவளே சீவித் தள்ளினாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. நாலு நாள், மூன்று பேரும் மாற்றி மாற்றித் தோண்டினோம். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் தோண்ட, ஒருவர் தூளை ஊத. "இன்னும் மெல்லிசா, இன்னும் மெல்லிசா" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்களும் சொன்னோம், இந்தத் தடவை உள்ளதைச் சொன்னோம். "இந்தப் பக்கம் தடிமனா கீது அக்கா." "இங்க ஓட்ட வுழுந்துடும், வுடு." நான் அடியில் தோண்டிய குழியைப் பலகைத் துண்டு வைத்து மூடி, என் விரிசலை நான் தைத்தேன். இரண்டு பக்கமும் ஊசி முனையால் துளை போட்டு, கட்டுத் துணி நூலை இரட்டையாக இழுத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன்.

வெள்ளிக்கிழமை எக்சர்சைஸ் சார், என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபடி, எங்களைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலை ஆட்டுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டி அது. அவருக்குப் பிரமாணம் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதோ பிள்ளைகள் கப்பல் விடுகிறார்கள் என்று நினைத்து, அக்காவைத் தூக்கி விளிம்பில் உட்காரவைத்தார். மறுநாள் பெரிய டாக்டர் வருகிறார்.

அக்கா கப்பலை இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்து, ஒவ்வொரு விரலாக எடுத்தாள். அது இறங்கியது. இறங்கிக்கொண்டே போயிற்று. தேங்காய்க்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் வந்ததும் கப்பல் நின்றது. நின்று, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே இருந்தது.

"சாஞ்சுக்கினு கீதே" என்றாள் அக்கா.

"நீ இன்னா சொல்லி பிரமாணம் பண்ண?" என்றான் தேங்காய்க்காரன். "மெதந்தான்னு சொன்ன. நேரா மெதந்தான்னா சொன்ன?"

"நீ சும்மா இரு. நீ எல்லாத்துக்கும் நல்லதுதான் சொல்லுவ." அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி."

என்னை ஒருவர் கேட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் தொட்டியில் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

"சாஞ்சிருக்குது" என்றேன். "தையல் வழியா தண்ணி கொஞ்சம் உள்ள வருது. பொம்மைக்குக் கை இல்ல."

"ம்."

"ஆனா மெதக்குது அக்கா."

கப்பல் அப்படியே சாய்ந்தபடி மெல்லச் சுற்றி, தொட்டியின் அந்தப் பக்கத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டது. அக்கா எக்சர்சைஸ் சாரைக் கூப்பிட்டாள்.

"சார், எங்க நைனாவுக்கு ஆள் அனுப்பணும். நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க."

பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். அவள் கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பல வருஷம் கழித்துக் காணிப்பாக்கத்தில் தேங்காய்க் கடையில் அவனைப் பார்த்தேன். பாதம் முழுக்க நேராகவில்லை, ஆனால் குதிகால் தரையில் பட்டது என்றான். கட்டுப் பிரித்த அன்று அவள் அப்பா அழுதாராம். "எதுக்கு அழுதாருன்னு கேட்டியா?" என்றேன். "அக்கா சிரிச்சுக்கினு இருந்துச்சி, அதனால நான் கேக்கல" என்றான். கப்பல் என்ன ஆயிற்று என்று அவனுக்கும் தெரியவில்லை. தொட்டி விளிம்பில் காயவைத்ததுதான் கடைசி.

எனக்குத் தெரிந்தது சனிக்கிழமைக் காலை. அக்காவுக்குப் பச்சை அங்கி போட்டு ட்ராலியில் படுக்கவைத்திருந்தார்கள். அவள் அப்பா வாசலில் நின்றிருந்தார். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஆபரேஷனுக்குப் போற புள்ள, நெயில் பாலீஷ் போட்டுக்கினு கீறியா? நகத்தோட நெறத்த டாக்டர் பாக்கணும்னு தெரியாது?"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தார். பஞ்சு சிவந்தது. இன்னொன்று எடுத்துத் தேய்த்தார். அதுவும் சிவந்தது. விரலில் இருந்த சிவப்பு குறையவில்லை. ஸ்பிரிட் பட்டு நகக்கண்ணில் இன்னும் நன்றாக ஊறியது. நாலு நாள் தோண்டிய செம்மரத்தின் சாயம் அது.

"பாலீஷ் இல்ல சிஸ்டர், மரம்" என்றாள் அக்கா. "எங்க மூணு பேருக்கும் கீது."

தேங்காய்க்காரன் ஓடாத குறையாக வந்து கையை நீட்டினான். நானும் கட்டிலில் இருந்தபடியே நீட்டினேன். சிஸ்டர் அவன் கையைப் பார்த்தார். பிறகு என் கட்டிலுக்கு வந்து என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு, ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய காயங்கள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். என்னை என்னவோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு, "சரி, டாக்டர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

ட்ராலி கிளம்பியது. அக்கா படுத்தபடியே ஒரு கையை மேலே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினாள். நானும் தேங்காய்க்காரனும் காட்டினோம். அந்த நீண்ட வராந்தாவின் கடைசியில் கதவு மூடும் வரைக்கும் மூன்று பேரும் கையை இறக்கவில்லை.